பர்த்தலோமேயார் புத்தகம் விரித்த வருசம்

முள்ளிக்கரையில் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி காலையில் திருவிழாக் கொடி ஏறிக்கொண்டிருந்தபோது, கொடிமரத்தின் உச்சிக்கு இன்னும் இரண்டு முழம் பாக்கியிருந்த நேரத்தில், ஊர்ப் பாதுகாவலரான புனித பர்த்தலோமேயார் குனிந்து தம் வலக்கையிலிருந்த கத்தியைக் காலடியில் வைத்துவிட்டு, இருநூறு வருசமாக இடக்கையில் மூடியபடியே பிடித்திருந்த மரப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் விரித்தார். ஊர்ச்சனம் முழுக்க வெளியே அண்ணாந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைப் பார்த்தது கருவாட்டுக்காரி கித்தேரி ஒருத்திதான். அந்த வாரம் கோயில் கூட்டித் துடைக்கிற முறை அவளுடையது. பீடத்துக்குப் பக்கத்தில் ஈரத்துணியும் கையுமாக நின்றவள், "இப்பதான் அந்தக் கத்திக்கு எண்ணெய் போட்டேன், அதுக்குள்ள தரையில வச்சிட்டீயளே," என்றாள்.

அவர் புத்தகத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கித்தேரியும் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. அவருடைய மரச் சுரூபத்தைச் செதுக்கிய ஆசாரி, இது என்றைக்கும் யாரும் திறக்கப்போகாத புத்தகம்தானே என்று நினைத்து ஏடுகளை வெறும் பலகையாக விட்டிருந்தார். பசியோடு கரைக்கு வந்து தூக்குச்சட்டியைத் திறந்தவன் அது கழுவித் துடைத்த மாதிரி காலியாக இருப்பதைக் கண்டால் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிருந்தது பர்த்தலோமேயாரின் முகம்.

முள்ளிக்கரைக்காரர்கள் அவரை இத்தனை காலம் நேசித்தது கத்திக்காகத்தான். அந்தக் கத்தியால்தான் அவரை உயிரோடு தோலுரித்தார்கள் என்று பங்குச்சாமிமார் வருசம் தவறாமல் பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தும், மீன் அறுத்துப் பிழைக்கிற ஊர், கத்தி பிடித்த புனிதரை நம்ம ஆள் என்றே எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் திருவிழாவில் பெண்கள் அரிவாள்மனையையும் ஆண்கள் கடல் கத்தியையும் அவர் முன்னால் கொண்டுவந்து வரிசையாக அடுக்க, சாமியார் தீர்த்தம் தெளிப்பார். அதன் பிறகு ஒரு வருசத்துக்கு யார் கையும் அறுபடாது, அறுபட்டாலும் சீழ் பிடிக்காது. மற்றக் கையில் இருந்த புத்தகத்தைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

ஆகவே சேதி பரவியதும், பத்தே நிமிசத்தில் கோயிலுக்குள் திரண்ட கூட்டம், சுரூபம் எப்படி அசைந்தது என்று கேட்கவேயில்லை. ஒன்பதாம் நாள் கத்தி மந்திரிப்பு உண்டா இல்லையா என்றுதான் கேட்டது.

"கத்தி அவரு கையில இருந்தாத்தானே அவரு முன்னால நம்ம கத்திய வைக்க முடியும்?" என்றார் ஊர்த்தலைவர் இஞ்ஞாசியார். எந்தக் காரியத்தையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்கிற மனிதர்.

"காலடியிலதான் இருக்கு. எங்கயும் போயிரல," என்றார் பங்குச்சாமி லெயோன். அவர் அந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எதற்கும் பதறாமல் இருக்கப் பழகியிருந்தார். இருந்தாலும் முறைப்படி ஆயருக்குக் கடிதம் எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. புனிதர் வாசிப்பதில் மறைக்கு விரோதமாக எதுவும் இல்லை, எதை வாசிக்கிறார் என்று மட்டும் கவனித்துக்கொள்ளவும் என்று அதில் கண்டிருந்தது.

அந்தப் பதில் வருவதற்கு முன்பே, கொடியேறிய அன்றே, ஊர் அவருக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. லெயோன் சாமி ஜெபப் புத்தகம் ஒன்றை விரித்து மரப்பலகைமேல் வைத்தார். பர்த்தலோமேயார் மரியாதையாகப் பார்த்தாரே தவிர, ஒரு பக்கமும் புரளவில்லை. அதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும் என்று சனங்கள் சமாதானம் சொன்னார்கள். இஞ்ஞாசியார் தம் படம் அட்டையில் போட்ட சென்ற வருசத்துத் திருவிழா மலரைக் கொண்டுவந்தார்; அது வைத்த வேகத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து வைத்தார், விழுந்தது. மூன்றாம் தடவை வைத்தபோது அது விழவில்லை, எறியப்பட்டது என்று பக்கத்தில் நின்ற பெர்பெத்து இன்றைக்கும் சாதிப்பாள். பெர்பெத்து கித்தேரிக்கு நாத்தனார். அவள் சொன்னால் சத்தமாகச் சொல்வாள்.

கித்தேரிக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஒன்றே ஒன்று.

கல்யாணமான இரண்டாம் வருசத்தில், கருவாடு பொதிந்து கொடுக்க வாங்கிய பழைய பேப்பர்க் கட்டில் வந்த புத்தகம் அது. அட்டை இல்லை, பெயர் தெரியாது. சந்தையில் உட்கார்ந்து, பின்பக்கத்திலிருந்து தாள் தாளாகக் கிழித்து மூன்று பேருக்கு நெத்திலி பொதிந்து கொடுத்த பிறகு, நாலாவது ஆள் வராத நேரத்தில் சும்மா முதல் பக்கத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் வியாபாரம் செய்யவில்லை. செங்கமலம் என்கிற பெண், ஒரு சின்னச் சண்டையில் கோபித்துக்கொண்டு நாடகக் கம்பெனியோடு போய்விட்ட தங்கை வடிவைத் தேடி, கூடாரம் கூடாரமாக, ஊர் ஊராக, கடைசியில் கப்பலேறிக் கொழும்பு வரைக்கும் முப்பது வருசம் அலைகிற கதை. ஒரு தெருவில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டுகிறாள். 'கதவு திறந்தது. உள்ளே நின்றவள்' என்கிற இடத்தில் பக்கம் முடிந்தது. உள்ளே நின்றவள் யார், என்ன சொன்னாள் என்பது மூன்று பொட்டலமாக மூன்று வீட்டுக்குப் போய்விட்டது. கித்தேரி அந்த மூன்று பேரையும் மாசக்கணக்கில் தேடினாள். ஒருத்தி கிடைத்தாள். அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

அதன் பிறகு இருபத்திரண்டு வருசமாக அரிசிப் பானைக்குள் இருந்த அந்தப் புத்தகத்தை, கொடியேறிய அன்று மத்தியானம் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து பர்த்தலோமேயாரின் கையில் வைத்தபோது, அவள் அவரிடம் மெதுவாக ஒன்று மட்டும் சொன்னாள்: "நானூறு பக்கம் இருக்கு அப்பா. அவசரம் வேண்டாம்."

சாயங்கால நவநாள் ஜெபத்துக்கு மணி அடித்தபோது அவர் நாற்பதாம் பக்கத்தில் இருந்தார்.

பக்கம் புரளுவதை யாரும் பார்த்ததில்லை. கண்ணை இமைத்தால் புரண்டிருக்கும். முதல் நாள் சனங்கள் புரண்டதா புரண்டதா என்று மட்டும் பார்த்தார்கள். இரண்டாம் நாள், அப்படி என்னதான் வாசிக்கிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பீடத்தில் ஓர் ஏணியைச் சாய்த்து, கித்தேரியை அதில் ஏற்றி, அவர் வாசிக்கிற பக்கத்தை அவர் தோளுக்கு மேலாகப் பார்த்து மைக்கில் வாசிக்கச் சொன்னார்கள். புனிதர் தனியாக வாசித்துக்கொண்டிருப்பது ஊருக்கு மரியாதையில்லை என்று இஞ்ஞாசியார் அதற்கு ஒரு தீர்மானம் போட்டார். கொடியேறினால் பத்தாம் நாள் சப்பரம் கடலோரம் போய்வருகிற வரைக்கும் ஒரு வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. ஆகவே ஆண்கள் எல்லோருக்கும் பொழுது இருந்தது. கோயிலுக்குள்ளும், கோயில் வாசலிலும், வலை காய்கிற மணலிலும், ஒலிபெருக்கி எட்டுகிற தூரம் மட்டும் உட்கார்ந்து முள்ளிக்கரை கதை கேட்டது.

நாலாம் நாள் செங்கமலத்துக்குக் காய்ச்சல் வந்தபோது ஏழு வீடுகளில் அவளுக்காக மெழுகுதிரி நேர்ந்தார்கள். ஐந்தாம் நாள், அவளை ஏமாற்றிய நாடகக் கம்பெனி மானேஜரின் பெயர் மரியதாஸ் என்று தெரிந்ததும், அந்தப் பெயருள்ள ஒரு வலைக்காரர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. உப்பும் மிளகும் கொட்டிக் கும்பிட வந்த வெளியூர்க்காரர்கள், நேர்ச்சையை விட்டுவிட்டு, நேற்று என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு அலைந்தார்கள். நவநாள் ஜெபம் நாளுக்கு நாள் சுருங்கியது. லெயோன் சாமி அதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசப்போவதாகச் சொல்லி ஆறாம் நாள் மைக்கை வாங்கினார். வாங்கி, "கப்பல்ல இடம் கிடைச்சுதா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டு ஜெபத்த ஆரம்பிப்போம்," என்றார்.

ஒன்பதாம் நாள் கத்தி மந்திரிப்பும் ஒரு குறையில்லாமல் நடந்தது. தீர்த்தம் தெளிக்கிற நேரத்துக்கு மட்டும் பர்த்தலோமேயார் வாசிப்பதை நிறுத்தி, ஒரு விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனையிலும் நிம்மதியில்லாமல் இருந்தது கித்தேரி ஒருத்திதான். ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; வாழ்நாளில் அவளை இப்படி யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் வீதம் அவர் போகிற வேகத்தை அவள் கண்டுகொண்டாள். சரியாகப் பத்தாம் நாள் சப்பரத்தில் ஏற்றுகிற நேரத்துக்கு அவர் அந்தக் கதவுக்கு வந்து நிற்பார். ஏழாம் நாளிலிருந்தே அவள் அவரைத் தாமதப்படுத்தப் பார்த்தாள். "கண்ணு வலிக்கும் அப்பா, கொஞ்சம் கடலப் பாருங்க," என்றாள். கூட்டுகிற சாக்கில் தூசியைக் கிளப்பினாள். ஒரு தடவை இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் பின்னால் திருப்பியும் வைத்தாள்; அவர் அதையும் இன்னொரு தடவை வாசித்துவிட்டு, அன்றைக்கு முடிக்க வேண்டியதை முடித்தார்.

பத்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, பூமாலையும் ஜோடனையுமாக நின்ற சப்பரத்தில் அவரைப் புத்தகத்தோடு ஏற்றி வைத்திருந்தபோது, கித்தேரி ஏணியில் நின்று மைக்கில், "கதவு திறந்தது. உள்ளே நின்றவள்," என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

பக்கம் புரண்டது. புத்தக முதுகின் காய்ந்த பசையும் நூலும் மட்டும் தெரிந்தன. பர்த்தலோமேயார் முந்தின பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் போனார், வந்தார். இந்தத் தடவை பக்கம் புரண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

"பவனி புறப்படட்டும்!" என்றார் இஞ்ஞாசியார், நேரம் பார்த்து.

பேண்டு வாத்தியம் முழங்கியது. எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். முன் தண்டில் வலப்பக்கம் கித்தேரியின் புருசன் கஸ்பார். சப்பரம் எழும்பவில்லை. பதினாறு பேர் தோள் கொடுத்தார்கள். முப்பது பேர். திருநெல்வேலி பஸ்ஸின் கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டே வந்து தோள் கொடுத்தார். நாற்பது பேர் சேர்ந்து தூக்கியும் ஒரு பூ உதிரவில்லை. வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டைப் பதினோராவது தடவை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் அசனப் பந்திக்கு வடித்த சோறு அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. சப்பரம் கடலைப் பார்க்காவிட்டால் நாளைக்கு வள்ளம் இறங்காது, வள்ளம் இறங்காவிட்டால் அடுப்பு எரியாது என்று ஒவ்வொருத்தராக நினைத்துக்கொண்டார்கள்.

"புஸ்தகத்த வாங்கிருங்கல," என்றார் இஞ்ஞாசியார். இரண்டு பேர் ஏறி இழுத்துப் பார்த்தார்கள். புத்தகத்தோடு அவர்கள் விரல்தான் வலித்தது.

"மிச்சத்த வாசி மயினி," என்று கீழே இருந்து பெர்பெத்து கத்தினாள். "உள்ள நின்னவ யாரு?"

கித்தேரி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"கேக்கல!"

அவள் கையை எடுத்தாள். "மிச்சம் இல்ல. நான்தான் கிழிச்சேன். நெத்திலி பொதிய."

சப்பரம் தூக்க முடியாமல் போனபோதுகூட வராத கோபம் அப்போது வந்தது முள்ளிக்கரைக்கு. முடிவு இல்லாத கதைக்கா பத்து நாள் உட்கார வைத்தாய் என்று கேட்டார்கள். காய்ச்சலுக்கு மெழுகுதிரி ஏற்றியவர்கள் அழுதேவிட்டார்கள். "கருவாடு பொதிய உனக்கு வேற தாளே கிடைக்கலியா பாவி!" என்றாள் பெர்பெத்து. கஸ்பார் தண்டிலிருந்து தோளை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லெயோன் சாமிதான் கையை உயர்த்தினார். "முடிவு இல்லாட்டா என்ன, ஒண்ணு சொல்லுவோம். அவருக்குக் கேக்கத்தானே வேணும்." தாமே மைக்கை வாங்கி, உள்ளே நின்றவள் ஒரு கன்னியாஸ்திரி என்றும், வடிவு மனம் திரும்பி மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னார். சப்பரத்தின் கால்கள் மணலில் ஒரு விரல்கடை இறங்கின. இஞ்ஞாசியார் மைக்கை வாங்கினார். உள்ளே நின்றவள் வடிவு இல்லை, வேலைக்காரி. அவளுக்குப் பின்னால் ஒரு போலீஸ் அதிகாரி. அவர் நாட்டு நிலைமை பற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சு முடிவதற்குள் கால்கள் ஒரு சாண் இறங்கிவிட்டன. பெர்பெத்து இரண்டு கல்யாணம் செய்து வைத்துப் பார்த்தாள். கண்டக்டர் வடிவைக் கொன்று பார்த்தார். சப்பரம் முட்டளவு மணலுக்குள் போனது.

"நீயே சொல்லிரு," என்றார் கஸ்பார். மேலே பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

கித்தேரியிடம் முடிவுகள் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருசமாகச் சந்தைக்குப் போகிற பஸ்ஸிலும், கருவாடு காயப் போடுகிற பாயிலும் அவள் அந்தக் கதவைத் திறந்திருக்கிறாள். சில நாள் உள்ளே வடிவு கட்டிப்பிடித்து அழுவாள். சில நாள் வடிவின் மகள் நிற்பாள், வடிவு செத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். சில நாள் யாரோ முன்பின் தெரியாதவள். ஏணியில் ஏறி நின்று பர்த்தலோமேயாரின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தபோது, அந்த முடிவுகள் எல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை, இன்னொருத்தர் முகத்தைப் பார்த்து ஒன்றுகூடச் சொன்னதில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவர் காத்திருந்தார். ஒரு கதைக்காக இப்படி ஒருத்தர் காத்திருப்பதை அவள் பார்த்ததில்லை.

"உள்ளே நின்றவள்," என்று தொடங்கினாள், "கையில மாவோட நின்னா. தலை நரைச்சிருந்தது. அழல. மயக்கம் போட்டு விழல. செங்கமலத்த ஏற இறங்கப் பாத்தா. பாத்துட்டு, 'கடைக்குப் போயிட்டு வர இவ்வளவு நேரமா அக்கா?'ன்னு கேட்டா."

கித்தேரி ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"முப்பது வருசமா செங்கமலம் அவகிட்டச் சொல்ல எவ்வளவோ சேத்து வச்சிருந்தா. திட்டணும்னு கொஞ்சம், மன்னிப்புக் கேக்கணும்னு கொஞ்சம். ஒண்ணும் வாயில வரல. 'வழியில ஒரே கூட்டம்'னு சொன்னா. சொல்லிட்டு, செருப்பக் கழட்டிட்டு உள்ள போனா. அவ்வளவுதான்."

பர்த்தலோமேயார் புத்தகத்தை மூடினார். மூடுகிற சத்தம், அலைச் சத்தத்தையும் மீறி, கடைசி வரிசைக்குக் கேட்டது. தோள் கொடுத்து முக்கி நின்ற நாற்பது பேரும், சப்பரம் பூக்கூடை மாதிரி எழும்பிவிட்டதில் நிலைதடுமாறி, நாலைந்து அடி முன்னால் ஓடித்தான் நின்றார்கள். அங்கேயிருந்து கடலோரம் வரைக்கும் எட்டுப் பேரும் தேவைப்படவில்லை; நாலு பேர் பேசிக்கொண்டே கொண்டுபோனார்கள். கடலுக்கு முகம் காட்டினபோது அவர் கத்தியைத் திரும்பக் கையில் எடுத்திருந்தார், புத்தகம் அக்குளில் இருந்தது. அசனச் சோறு ஆறித்தான் போயிருந்தது. பெர்பெத்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள், ஒவ்வொரு வாய்க்கும், "வழியில ஒரே கூட்டமாம்ல," என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்குப் பிந்திய வருசங்களில் திருவிழா எப்படி மாறியது என்று சொல்லப்போனால் நீண்டுபோகும். இப்போதெல்லாம் கொடியேறுகிற அன்று வீட்டுக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து வரிசையாகக் காட்ட, அவர் எதற்குக் கத்தியைக் கீழே வைக்கிறாரோ அதுதான் அந்த வருசத்துப் புத்தகம். கடைசித் தாள்களை முன்னதாகவே பிரித்து லெயோன் சாமி பூட்டி வைத்துவிடுகிறார். பத்தாம் நாள் யார் வேண்டுமானாலும் ஏணியில் ஏறி முடிவு சொல்லலாம். சப்பரம் எழும்பினால் சரி. இஞ்ஞாசியார் ஏறுவதற்கு மட்டும் ஊர்க் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுத் தடை வைத்திருக்கிறார்கள். அவரே கையெழுத்துப் போட்டார்.

ஆனால் கித்தேரியைக் கேட்டால் அவள் இதையெல்லாம் சொல்லமாட்டாள். திருவிழா முடிந்த மறுநாள் காலையைத்தான் சொல்வாள்.

பத்து நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகக் கடல் திறந்த காலை. விடிந்துவிட்டது; ஒவ்வொரு வள்ளமாக இறங்கிக்கொண்டிருந்தது. கித்தேரி சந்தைக்குப் போகக் கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றியிருந்தாள். துடுப்பும் சோற்றுச் சட்டியுமாகப் புறப்பட்ட கஸ்பார் வாசலில் போய், என்னவோ மறந்தவர் மாதிரி நின்றார்.

"உள்ள போனாளே அவ," என்றார்.

"எவ?"

"செங்கமலம்."

"ஆமா, போனா. கதை முடிஞ்சுது."

"அதெப்படி முடியும்?" கஸ்பார் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். "கப்பல்ல வந்திருக்கா. கால்நடையா தெருத் தெருவா அலைஞ்சிருக்கா. குடிக்க ஒரு வாய் தண்ணி குடுத்தாளா இல்லியா தங்கச்சிக்காரி?"

கித்தேரி அவரைப் பார்த்தாள். கடற்கரையிலிருந்து யாரோ, "ஏ கஸ்பாரு! வாரியா இல்லியால?" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கூப்பிட்டுப் பார்த்துச் சலித்து வள்ளத்து ஆட்கள் நாலு பேரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்கள், என்ன விசயம் என்று தெரிந்ததும், வாசல் மணலில் ஒருத்தர் பின் ஒருத்தராகக் குத்தவைத்தார்கள்.

"குடுத்தா," என்றாள் கித்தேரி, கூடையை இறக்கி வைத்துக்கொண்டே. "குடுக்காம இருப்பாளா? ஆனா அத வாங்கிக் குடிக்கிறதுக்குள்ள உள் அறையில இருந்து ஒரு சத்தம் கேட்டுது."